நகரத் திட்டத்தில் புவியியல் தகவல் முறை: ஒடிசா தரும் படிப்பினை

(நகரமைப்புப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர்கள், அலுவலர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டின் நகரங்களில் வாழ்ந்தோர் 37.7 கோடிப் பேர். அவர்களுள் ஏறத்தாழ 6.5 கோடிப் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். இம்மக்களின் வீடுகள் பல நகரங்களின் வரைபடங்களில் இடம்பெறவே இல்லை. அவை நின்ற இடம் அரசு நிலம் என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. வரைபடத்தில் இல்லாத தெருவுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்கப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க இயலாது. இக்குறையை நீக்குவதில் புவியியல் தகவல் முறை எவ்வளவு துணை செய்யும், எங்கே துணை செய்யாது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முறையின் இயல்பு

ஒரு நகரின் நில உடைமை, வீடுகள், சாலைகள், வடிகால்கள், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகக் கணிப்பொறியில் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காண்பதே இம்முறையின் அடிப்படை. 1960களில் கனடா நாடு தன் நிலவளத்தைக் கணக்கிடுவதற்காக இதனை முதன்முதலில் பெரிய அளவில் கையாண்டது. சாதாரண வரைபடம் ஓரிடம் எங்குள்ளது என்பதைக் காட்டும். இம்முறையோ, தாழ்ந்த நிலத்தில் உள்ள வீடுகள் எத்தனை, அவற்றுள் வடிகால் வசதி இல்லாதவை எவை என்பன போன்ற கேள்விகளுக்கும் விடை தரும்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நகரத் தகவல் திட்டம் 1:10,000, 1:2,000 ஆகிய அளவுகளில் நகர வரைபடங்களைத் தயாரிக்க முனைந்தது. 2015இல் தொடங்கிய அம்ருத் இயக்கம், 500 நகரங்களுக்கு 1:4,000 அளவிலான வரைபடங்களைக் கொண்டு முழுமைத் திட்டங்கள் வகுக்க வழிசெய்தது.

இங்கு ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டும். முப்பது சதுர மீட்டர் வீடு ஒன்றின் பக்கம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். 1:10,000 அளவில் அது அரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பேனாக் கோட்டின் தடிப்பில் மறைந்துபோகும். தொழிற்பேட்டைக்கும் புறவழிச் சாலைக்கும் போதுமான வரைபடம் ஏழையின் வீட்டுக்குப் போதாது. அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே யாரைக் கணக்கில் கொள்கிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

ஒடிசாவின் முயற்சி

ஒடிசா அரசு 2017ஆம் ஆண்டு குடிசைவாழ் மக்களுக்கு நில உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. நகராட்சிகளிலும் சிறு நகர மன்றங்களிலும் அரசு நிலத்தில் குடியிருந்தோருக்கு உரிமைச் சான்றிதழ் அளிக்க அது வகை செய்தது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 30 சதுர மீட்டர் வரை நிலம் இலவசம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் சான்றிதழ் வழங்கப்படும். அவ்வுரிமை வாரிசுகளைச் சேரும். அதைக் காட்டி வீட்டுக் கடன் பெறலாம். ஆனால் விற்க இயலாது. இச்சட்டத்தைச் செயற்படுத்த 'ஜாகா' இயக்கம் 2018இல் தொடங்கப்பெற்றது.

ஒவ்வொரு வீட்டின் எல்லையும் தெரிந்தாலன்றிச் சான்றிதழ் வழங்க முடியாது. ஆதலின் ட்ரோன்கள் கொண்டு, ஒன்றோடொன்று மேற்பொருந்தும் படங்கள் எடுக்கப்பட்டன. அப்படங்களை இணைத்து ஒவ்வொரு கூரையும் தெளிவாகத் தெரியும் வரைபடம் உருவாக்கப்பட்டது. பின்னர் வீடுவீடாகச் சென்று குடும்ப விவரங்கள் திரட்டப்பட்டன. வரைபடம் குடியிருப்போர் சங்கத்தின் முன் வைக்கப்பட்டு, அவர்கள் சரிபார்த்த பிறகே வருவாய்த் துறையின் நில வரைபடத்துடன் பொருத்தப்பட்டது.

இப்பொருத்தமே கடினமான கட்டம். பழைய நில வரைபடங்கள் சங்கிலி பிடித்து அளந்து, காகிதத்தில் வரையப்பட்டவை. அவற்றைப் புதிய படத்தோடு ஒப்பிடுகையில் எல்லைகள் விலகுவது இயல்பு. பெரிய பண்ணையில் ஒரு மீட்டர் விலகல் பொருட்டன்று. முப்பது சதுர மீட்டர் மனையில் ஒரு பக்கம் ஒரு மீட்டர் விலகினாலும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் நிலம் அடுத்தவருக்குப் போய்விடும். ஆகவே தரையில் நிலையான குறிகளை நிறுவி, அவற்றின் இருப்பிடத்தைத் துல்லியமாக அளந்து, அவற்றோடு படத்தைப் பொருத்துவது இன்றியமையாதது.

எந்த வீடுகள் இருந்த இடத்திலேயே நீடிக்கலாம், எவை நீர்வழியிலோ ஆபத்தான இடத்திலோ உள்ளன என்பதைப் பிரித்தறியவும் இவ்வரைபடம் உதவும். மேற்பொருந்தும் படங்களிலிருந்து நிலத்தின் உயரத்தையும் கணக்கிடலாம்; வடிகாலின் சரிவை வகுக்க அதுவே அடிப்படை. குடியிருப்பு இருந்த இடத்திலேயே மேம்படும்போது உழைப்போர் தம் வேலைத்தலத்தைப் பிரிய வேண்டியதில்லை. தொலைவில் புதுக் குடியிருப்புகளுக்காக விளைநிலத்தை எடுக்கும் தேவையும் குறைகிறது. நிலைத்த நகர வளர்ச்சி என்பதன் பொருளும் இதுவே.

மறக்கலாகாத மூன்று

முதலாவதாக, வானிலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும்; கூரையின்கீழ் இரு குடும்பங்கள் வாழ்வதைக் காட்டாது. வாடகைக்கு இருப்போர் அதில் தென்படமாட்டார்கள். வீடுவீடாகச் செல்லும் கணக்கெடுப்பு இல்லையேல் எளியோரில் எளியோர் மீண்டும் விடுபடுவர்.

இரண்டாவதாக, வரைபடத்திற்கும் வயது உண்டு. ஓரிரு ஆண்டுகளில் குடிசைப் பகுதியின் தோற்றம் மாறிவிடும். ஒருமுறை வரைந்து பூட்டி வைக்கும் வரைபடம் விரைவில் பொய்யாகிவிடும். அதைப் புதுப்பிக்கும் பணியாளரும் நிதியும் நகராட்சியிலேயே இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, உரிமை வழங்கப் பயன்படும் இதே வரைபடத்தைக் கொண்டு ஒரே நாளில் ஒரு குடியிருப்பை அகற்றவும் இயலும். கருவிக்கு நன்மை தீமை தெரியாது. ஒடிசாவில் சட்டம் முன்சென்றது, அளவைப் பணி பின்தொடர்ந்தது. அந்த வரிசை தலைகீழாக இருந்திருப்பின், தம் வீட்டை அளக்க அம்மக்கள் எவ்வாறு இணங்கியிருப்பர்?

இம்முறையைக் கற்கும் மாணவர்களுக்கும் கையாளும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள் விடுத்து என் உரையை நிறைவு செய்கிறேன். வரைபடம் முடிந்தவுடன் கையொப்பமிட்டுவிடாதீர்கள். அதன் படியொன்றை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குச் செல்லுங்கள். அங்குள்ள தாய்மார்களிடம் விரித்துக் காட்டி, தங்கள் வீடு எது என்று கேளுங்கள். அவர்கள் தங்கள் வீட்டை அதில் கண்டுகொண்ட பிறகு கையொப்பமிடுங்கள்.