சுண்டிப் பார்த்துச் சொல்லுங்கள்

ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான் என்று கேலி பேசுவோம். சுந்தரர் அதைச் செய்தே காட்டினார் என்கிறது பெரியபுராணம். திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், இறைவன் கொடுத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஆனால் போடும் முன்பே ஒரு சிறு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்! எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. கொடுத்தவர் கடவுளாயிற்றே என்று மென்று விழுங்கவில்லை. அவரிடமே பாடி முறையிட்டார்; மாற்று சரியானது.

நாமோ வாட்ஸ்அப்பில் வந்த சேதியை, 'இது நிஜமா?' என்று அனுப்பியவரிடம் கேட்கக் கூசுகிறோம். கேட்காமலே நாலு பேருக்குத் தள்ளியும் விடுகிறோம்.

அதே விருத்தாசலம் இப்போது பீங்கான் ஊர். பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்கிறார்கள். பீங்கானை விரலால் சுண்டினால் நல்ல சரக்கு கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். மேலே பளபளப்புப் பூச்சு இருப்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது.

சுடாத களிமண்ணில் கோணல் இருந்தால் தண்ணீரில் கரைத்து மறுபடி வார்க்கலாம். சூளைக்குள் போய் வந்துவிட்டால் அவ்வளவுதான். பிள்ளைகளின் தப்பையும் பரீட்சைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொல்லும் விதமும் முக்கியம். பீங்கான் வேலை பழகும் பையனிடம் "நீ எதற்கும் லாயக்கில்லை" என்றால் அவன் முகம்தான் வாடும். "இந்த விளிம்பு கனமாக இருக்கிறது, பார்" என்றால் கை திருந்தும்.