பள்ளிவாசலிலிருந்து பள்ளியின் வாசலுக்கு

(ஜும்ஆ உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் சலாத்தும் சலாமும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இல்லங்களில் இருந்தவாறு இவ்வுரையைப் படிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் இறையச்சத்தை உபதேசம் செய்கிறேன்.

ஜும்ஆ என்னும் பெயர் கொண்ட 62-ஆவது அத்தியாயத்தின் 10-ஆவது வசனத்தில், தொழுகை நிறைவேறிய பின் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடுமாறு இறைவன் நமக்கு அனுமதி வழங்குகிறான். இந்த வசனத்தைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது வியாபாரம்தான். கடையைத் திறக்கலாம், தோட்டத்திற்குப் போகலாம், ஏலக்காய் விலை விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் இறையருளைத் தேடுவதற்கு இன்னோர் இடமும் உண்டு. அது நம் மகள் படிக்கும் பள்ளிக்கூடம். பள்ளிவாசலுக்கு வரத் தெரிந்த நமக்கு, பள்ளியின் வாசலுக்குப் போகத் தெரியவில்லை. இன்று அதைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பொறுப்பு வாசலோடு முடிவதில்லை

ஈமான் கொண்டோர் தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பை விட்டுக் காத்துக்கொள்ள வேண்டும் என்று 66-ஆவது அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. குடும்பத்தாருக்குக் கல்வியும் ஒழுக்கமும் கற்பிப்பதே அவ்வாறு காக்கும் வழி என அலீ (ரலி) அவர்கள் விளக்கம் தந்தார்கள். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆட்டை மந்தையில் சேர்த்துவிட்டு வீட்டில் உறங்குபவனை யாரும் மேய்ப்பாளன் என்று சொல்வதில்லை.

ஆனால் மகள் விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது ஒருமுறை போகிறோம். மாற்றுச் சான்றிதழ் வாங்க மறுமுறை போகிறோம். இடையில் உள்ள ஆறேழு ஆண்டுகளில் அவளுடைய வகுப்பாசிரியை யார், பள்ளியில் குடிநீர் உண்டா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாலையில் எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பன நமக்குத் தெரிவதில்லை. கேட்டால், "அதெல்லாம் அவள் அம்மா பார்த்துக்கொள்வாள்" என்கிறோம்.

பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டம் எதற்கும் நான் சென்றதில்லை. ஒரு நாள் கூட்டத்திற்குப் போய் வந்த என் மனைவி, வந்திருந்த ஆண்கள் மூவர் மட்டுமே என்றார். அன்றிரவு மகள் என்னிடம், "அத்தா, நீங்கள் ஊருக்கெல்லாம் கல்வியைப் பற்றி பயான் செய்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கு மட்டும் ஏன் வருவதில்லை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மிம்பரில் நின்று பேசிய எத்தனையோ வார்த்தைகள் அந்த ஒரு கேள்வியின் முன் எடையிழந்து போயின.

நின்றுபோன ஒரு மாணவி

அதே ஆண்டில் என் மகளுக்கு இரண்டு வகுப்பு மூத்த மாணவி ஒருத்தி, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. குடும்பத்தில் பெரிய வறுமை இல்லை. கல்வியை வெறுப்பவர்களும் இல்லை. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து, நெரிசலான பேருந்தில் தனியாக இருட்டும் நேரத்தில் வர வேண்டும் என்பதே தந்தையின் அச்சம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அவர் அதைப் பள்ளியில் போய்ச் சொல்லவில்லை. பள்ளிக்கும் அது தெரியவில்லை. மஹல்லாவில் இருந்த நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வருடத்தில் அவளுக்குத் திருமணம் நடந்தது. நானே நிக்காஹ் ஓதி வைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து அவளுடைய தங்கையும் அதே இடத்தில் வந்து நின்றாள். இம்முறை, அதே பள்ளியில் படித்துச் செவிலியரான நம் மஹல்லாப் பெண் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். செய்தி கேட்டு அந்த வீட்டிற்குச் சென்றார். தாயிடமும், தாய் வழியாகத் தந்தையிடமும் பேசினார். அதே தெருவிலிருந்து சென்ற மற்ற இரு மாணவியரையும் சேர்த்து, ஒரு ஆட்டோவை மாத வாடகைக்குப் பேசினார்கள். மூன்று குடும்பமும் செலவைப் பகிர்ந்துகொண்டன. தலைமையாசிரியையிடம் சொன்னதும் சிறப்பு வகுப்பு காலை நேரத்திற்கு மாறியது. தங்கை பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே இருந்த வேறுபாடு என்ன? பணமன்று, சட்டமன்று. முன்னால் சென்ற ஒருத்தி திரும்பி வந்து கேட்டாள். அவ்வளவே! அந்த ஆட்டோவை அக்காவுக்காகவும் பேசியிருக்கலாம். நாளை மறுமையில் அதற்காக நானும் விசாரிக்கப்படுவேன் என அஞ்சுகிறேன்.

நபி (ஸல்) காலத்துப் பெண்கள்

பெண்கள் தமக்கென ஒரு கல்வி நாளைக் கேட்டுப் பெற்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆண்கள் தங்களை முந்திக்கொண்டு விடுவதால் தங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்குமாறு அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். அண்ணலார் அதை ஏற்று ஒரு நாளைக் குறித்து, அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். தங்கள் தேவையைத் துணிந்து எடுத்துச் சொல்லும் பெண்களும், அதைச் செவிமடுத்து நிறைவேற்றும் தலைவரும் இருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் நம் தாய்மார்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் எழுத்தறிவு பெற்றவர்கள். அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்த செய்தியை அபூதாவூதில் காண்கிறோம். கற்ற ஒருத்தி தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவளிடம் ஒப்படைத்தார். ஒரு பள்ளியின் முன்னாள் மாணவி செய்ய வேண்டியதும் இதுவே.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் வாழ்ந்த பேகம் ரொக்கையா, 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியருக்காக எட்டு மாணவியரோடு பள்ளி தொடங்கினார். பிள்ளைகளை அனுப்புமாறு வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். பர்தா பேணும் குடும்பங்களின் தயக்கம் நீங்கத் திரையிட்ட வண்டிக்கும் ஏற்பாடு செய்தார். அன்று பள்ளி பெற்றோரைத் தேடிச் சென்றது. இன்று பள்ளி நம் ஊரிலேயே இருக்கிறது. பெற்றோராகிய நாம் அதைத் தேடிச் செல்ல வேண்டாமா?

வாய்க்கால் காக்கும் முறை

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீர், 1895-இல் அணை கட்டப்பட்ட பின் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் வந்தது. கூடலூர் தொடங்கி 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் நிலமாயிற்று. ஆயினும் அணை இருந்தால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடுமா? தலைமடைக்காரர் தம் வயல் நிறைந்ததும் மடையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டால், கடைமடையில் இருப்பவரின் பயிர் கருகிப்போகும். அதனால்தான் நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒன்று சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரினார்கள்.

கல்வியும் அவ்வாறே. படித்து முடித்த பெண் தலைமடை. இப்போது படிக்கும் சிறுமி கடைமடை. தன் வயல் நிறைந்ததோடு முன்னவள் திரும்பிப் பார்க்காமல் போனால், பின்னவளுக்குத் தண்ணீர் வந்து சேராது.

நம் பெரியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். 1956-ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் உருவான ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி அதற்குச் சான்று. பள்ளத்தாக்குப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு மதுரை வரை போக வேண்டியிருந்த காலத்தில், ஊருக்குள்ளேயே கல்லூரி வந்தது. ஆனால் கல்லூரி எவ்வளவு அருகில் இருந்தாலும், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மகள் அதன் படியில் ஏற முடியாது. பள்ளிப் படிப்பு அறுபடாமல் பார்த்துக்கொள்வதே இன்றைய குடிமராமத்து.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கூட்டத்திற்குச் செல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் தரப்பட்டது. இக்கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. ஜும்ஆ தொழுது, வீட்டில் உணவருந்திவிட்டு, மனைவியோடு பள்ளிக்குச் செல்ல நேரம் உண்டு. உங்கள் பள்ளியில் எந்த நாள், எந்த மணி என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மகளுக்குரிய உதவிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழைப் பெண்களின் திருமணத்திற்கென இருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவு நிதியுதவித் திட்டம், உயர்கல்விக்கான திட்டமாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதே அதன் ஏற்பாடு. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் அது விரிவாக்கப்பட்டது. இந்த விதி தெரியாமல், பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. முடிவெடுக்கும் முன் தலைமையாசிரியையிடம் கேளுங்கள்.

மூன்றாவது, முன்னாள் மாணவியராகிய சகோதரிகளே! திருமணமாகித் திருப்பூரிலோ, கேரளத்திலோ, வளைகுடாவிலோ வாழ்கிறீர்கள். பெருநாளுக்குத் தாய்வீடு வரும்போது ஒருநாள் காலையை நீங்கள் படித்த பள்ளிக்குக் கொடுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முன் அமர்ந்து, நீங்கள் படித்த விதத்தையும், படிப்பு வாழ்வில் உதவிய விதத்தையும் சொல்லுங்கள். படிப்பு நின்றவர்களும் வாருங்கள். அதனால் இழந்ததை உங்களைவிட உண்மையாக எடுத்துச் சொல்ல யாரால் முடியும்? ஆண்டு விழாவுக்கு ஒரு பீரோ வாங்கித் தந்து, அதில் பெயர் எழுதிவிட்டுப் போவது எளிது. ஒரு சிறுமியின் வீட்டிற்குச் சென்று அவளுடைய தாயிடம் பேசுவது கடினம். நன்மை அதில்தான் அதிகம்.

நான்காவது, பொருளுதவியை முறையோடு செய்யுங்கள். ஜகாத் பொருள் தகுதியுடையவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும் என்பது நம் ஹனஃபி மத்ஹபின் சட்டம். எனவே தகுதியுள்ள ஏழை மாணவிக்கு அதை வழங்கலாம். சுற்றுச்சுவருக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் ஸதக்காவிலிருந்து கொடுங்கள். அப்பள்ளியில் படிப்போர் நம் பிள்ளைகள் மட்டுமல்லர். எல்லாச் சமுதாயத்துப் பெண் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். மனிதன் இறந்த பின்னும் தொடரும் மூன்று நன்மைகளாக நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகியவற்றை அண்ணலார் (ஸல்) எடுத்துரைத்தார்கள். ஒரு பெண் பள்ளிக்கு நாம் செய்யும் பணியில் இம்மூன்றும் ஒன்றுசேர வாய்ப்பிருக்கிறது.

அன்பிற்குரிய சகோதரர்களே! இரு பெண் மக்களைப் பருவ வயது வரை பொறுப்போடு வளர்த்தவர் மறுமையில் தம்மோடு நெருங்கியிருப்பார் என்று அண்ணலார் தம் விரல்களைச் சேர்த்துக் காட்டினார்கள். அந்த நெருக்கத்தை விரும்பாதவர் நம்மில் யார்? இன்று வீடு திரும்பியதும் உங்கள் மகளை அருகில் அழைத்து, அவளுடைய வகுப்பாசிரியையின் பெயரைக் கேளுங்கள். மாலையில் எப்படி வீடு வருகிறாள் என்று கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். அன்று அவளோடு அந்த வாசலைக் கடந்து உள்ளே செல்லுங்கள்.

யா அல்லாஹ்! நீ எங்களிடம் ஒப்படைத்த அமானிதங்களாகிய எங்கள் பெண் மக்களைப் பேணிக் காக்கும் நல்லறிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் அலட்சியத்தால் கல்வியை இழந்த பிள்ளைகளின் விஷயத்தில் எங்களை மன்னிப்பாயாக! அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! கற்றவர்களைப் பிறருக்கு வழிகாட்டுவோராக ஆக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!