தேயிலைத் தொழிலாளருக்காகக் கட்சி துறந்தவர்



கேமரன் மலையில் கொழுந்து பறிக்கும் நமக்கு ஈப்போ தூரத்து ஊரல்ல. அந்த ஈப்போவில் 1898-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் பிறந்த ஒருவர், பின்னாளில் இலங்கைத் தேயிலைத் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் கட்சியையே துறந்தார். அவர்தான் சா. ஜே. வே. செல்வநாயகம். ஈழத்து மக்கள் 'தந்தை செல்வா' என்று போற்றிய அவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

சிறு வயதிலேயே தாயாருடன் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குச் சென்றார். படித்து வழக்கறிஞரானார். 1947-இல் ஜி. ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் நின்று நாடாளுமன்றம் புகுந்தார்.

மறு ஆண்டே இலங்கை அரசு குடியுரிமைச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அவருடைய தந்தை வழியினரும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அதற்கெல்லாம் பத்திரம் ஏது? சுமார் 7 லட்சம் தோட்ட மக்கள் நாடற்றவர் ஆயினர். 1949-இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அவர்களுடைய காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானார். செல்வநாயகம் சேரவில்லை. அவருடைய தொகுதி வடக்கே கடலோரம், தோட்டங்களோ மலைநாட்டில். அந்த மக்களின் ஒரு வாக்குகூட அவருக்கு விழப்போவதில்லை. ஆயினும், இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை எல்லாத் தமிழருக்கும் நேரும் என்று எச்சரித்துப் பிரிந்தார். 1949 டிசம்பர் 18-இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அதற்கு விலையும் கொடுத்தார். 1952 தேர்தலில் தோற்றார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அவர் எச்சரிக்கை மெய்யாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் கட்சி 10 இடங்களை வென்றது. 1957-இல் பண்டாரநாயக்காவுடனும், 1965-இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தம் செய்தார். முதல் ஒப்பந்தத்தில் தோட்ட மக்களின் குடியுரிமையைப் பற்றியும் பேசப்பட்டது. இரண்டு ஒப்பந்தங்களும் நிறைவேறவில்லை.

1977 ஏப்ரல் 26-இல் அவர் மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. 1948-இல் இழந்ததை முழுமையாக மீட்க 55 ஆண்டுகள் ஆயின!

நேயர்களே, நம் நாட்டில் 2021 டிசம்பர் முதல், 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறது. ஆனால், குடிமகன் என்று காட்டப் பிறப்புப் பத்திரமும் நீல அடையாள அட்டையும் வேண்டும். பிள்ளை பிறந்ததும் பதிவு செய்வோம். பத்திரமில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் துணை நிற்போம். தமக்கு வாக்களிக்க இயலாதவர்களுக்காகத் தந்தை செல்வா நின்றாரே, அதுவன்றோ தலைமை!