உப்புக் காற்றும் வண்டிச் சங்கிலியும்

கற்பிட்டிக் கரையிலே விடியுமுன் மீன்பெட்டியை மோட்டார் சைக்கிளிற் கட்டிப் புத்தளம் நோக்கிப் புறப்படும் வியாபாரியின் அன்றாடப் பிழைப்பு ஒரு சங்கிலியிலே தங்கியுள்ளது. உப்புக் காற்று அதனைத் துருப்பிடிக்கச் செய்கிறது. மணல் அதன் மூட்டுக்களை அரைக்கிறது.

மூட்டுக்கள் தேயத் தேயச் சங்கிலி நீள்கிறது. நீண்ட சங்கிலியோ பற்சக்கரங்களின் பற்களைக் கொக்கிபோலத் தேய்த்துவிடுகிறது. சங்கிலியை மட்டும் மாற்றினால், பழைய பற்கள் புதியதையும் விரைவிற் கெடுத்துவிடும். ஆகவே முன், பின் பற்சக்கரங்களையும் சங்கிலியையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனமாகும்.

அளவும் வண்டிக்குப் பொருந்த வேண்டும். 428 என்னும் எண்ணின் முதலிலுள்ள 4, அங்குலத்தின் எட்டில் நான்கு பங்கைச் சுட்டும். ஆணிக்கு ஆணி இடைவெளி 12.7 மில்லிமீற்றர். மூட்டுக்களில் றப்பர் வளையமிட்டுக் கிறீஸை உள்ளே அடைத்த சங்கிலி, விலை கூடினும் கடற்கரைக்கு உகந்தது.

நடுவழியிற் சங்கிலி அறுந்தால், மீன் காத்திருக்காதன்றோ?