புல்வெட்டி எஞ்சின் ஏர் இழுக்கிறதா?



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய நான் இன்று எஞ்சினைப் பற்றிப் பேசக் காரணம், நானே செய்த ஒரு தவறு. சென்ற ஆண்டு செயல்விளக்கத் திடலில் மக்காச்சோளத்துக்கு 20-ஆம் நாள். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. பிரஷ் கட்டர் என்று நாம் சொல்லும் இரண்டு ஸ்ட்ரோக் புல்வெட்டியில் களைச்சக்கரம் மாட்டி இறக்கினோம். பாரம் ஏறியதும் எஞ்சின் திணறியது. நான் திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் அதிவேகத் திருகை வலப்புறம் திருகினேன். வேகம் கூடியது, எனக்கும் மகிழ்ச்சி. அரை மணியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மறுநாள் மழை. அந்த வாரம் களைக்கே கொண்டாட்டம்.

நடந்தது என்ன? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மிகுந்தாலோ பெட்ரோல் குறைந்தாலோ கலவை மெலிகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடோ ஏறும். ஏற்கனவே மெலிந்திருந்த கலவையை நான் இன்னும் மெலியச் செய்துவிட்டேன்.

அடையாளம் காண்பது கடினமன்று. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் கத்துகிறதா? முடுக்கும்போது இடறுகிறதா? ஓட்டத்திலேயே சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். எஞ்சின் தெளிந்தால் கலவை மெலிந்திருக்கிறது. புகைந்து அமுங்கினால் அப்படியில்லை. பாரத்தில் ஓட்டி உடனே நிறுத்தி, சற்று ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள்.

அடுத்துக் காரணம். பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்றுபோனால் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. ஒரு காசு செலவில்லை. பிறகு டேங்க்கினுள் இருக்கும் வடிகட்டி, அடுத்துப் பெட்ரோல் டியூப். டியூபை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அப்போதுதான் தெரியும். எங்கள் எஞ்சினைக் கெடுத்தது டேங்க்கினுள் நுழையும் இடத்தில் இருந்த மயிரிழை வெடிப்பு. அதன் வழியே பெட்ரோலோடு காற்றும் போயிருக்கிறது.

கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் பேக்கிங் மேல் ஐயமா? வெட்டும் பகுதி எதிலும் படாதபடி வைத்து, எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டு, அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளியுங்கள். ஓசை மாறினால் அங்கேதான் ஏர் இழுக்கிறது. சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்திலிருக்க, அது தீயோடு விளையாடுவது.

இன்னொன்று. சூடாகிறதே என்று எண்ணெயைக் கூடுதலாக ஊற்றுகிறோம். ஜெட் வழியே போகும் அளவு ஒன்றுதானே? எண்ணெய் கூடினால் பெட்ரோல் குறைகிறது. கலவை மேலும் மெலிகிறது. இயந்திரத்தோடு வந்த கையேடு சொன்ன அளவே போதும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே தேவை என்பதால், பழைய ஜெட்டில் கலவை சற்று மெலிந்தே நிற்கும். பழைய ரப்பர் டியூபையும் அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பருவம் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி வையுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பிளக் வெளுத்தால் கிராங்க் ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். அது நம் கைவேலையன்று, மெக்கானிக்கின் வேலை. "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காமல், பழைய பிளக்கையும் கையில் கொடுத்து, சோக் மூடினால் தெளிகிறது என்பதையும் சொல்லுங்கள். பிஸ்டன் மாற்ற நேர்ந்தால், டியூபையும் சீலையும் பார்த்த பிறகே புதியதைப் போடச் சொல்லுங்கள்.