எழுத்தே இசையாகும் விந்தை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியில் மாலைதோறும் நடைபெறும் மிருதங்க வகுப்புக்கு என் மகன் சென்ற ஆண்டு முதல் செல்லாது நின்றுவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு கணிப்பொறியில் ஏதோ எழுதுவான். உள்ளிருந்து தாள ஒலி எழும். "இயந்திரம் முழக்குவதும் ஓர் இசையா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டான். அன்று நான் கண்டதையே ஈண்டுக் கூற வந்தேன்.

அவன் எழுதியது 'டைடல்சைக்கிள்ஸ்' என்னும் நிரல்மொழி. அதனை ஆக்கியவர் அலெக்ஸ் மக்லீன் என்பார். ஒரு சுற்றில் நான்கு ஒலிகளின் பெயர்களை எழுதினால் சுற்று நான்கு சம பாகமாகிறது. அவற்றுள் இரண்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் இரண்டும் ஒரே பாகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நான்கு சுற்றுக்கு ஒருமுறை பின்னிருந்து முன்னாக ஒலிக்கவேண்டுமா? அதற்கும் ஒரு வரி போதும். ஓசையை நிறுத்தாமலே எழுத்தைத் திருத்துகிறார்கள், அதுதான் வித்தை.

இவ்வாறு மேடையில் வாசிப்போர் தம் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டுகின்றனர். தடுமாற்றமும் திருத்தமும் அவையோர் கண்முன்னே நிகழ்கின்றன. 2004இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இக்கலைஞர்கள் 'டாப்லாப்' என்ற அமைப்பைக் கண்டனர். 2012இல் லண்டனில் 'அல்கோரேவ்' என்னும் நடன நிகழ்ச்சி தொடங்கிற்று. அவ்விரைச்சல் என் செவிக்கு ஒவ்வாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நிற்க. இந்த எழுத்துமுறையின் வேர்களில் ஒன்று நம் லக்னோவில் உள்ளது என்றால் நம்புவீர்களா? ஜேம்ஸ் கிப்பன் என்னும் ஆராய்ச்சியாளர் 1980களின் தொடக்கத்தில் அந்நகரின் தபலா மேதை அஃபாக் ஹுசைன் கானிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் அவரும் பெர்னார்டு பெல் என்பவரும் 'போல் பிராசஸர்' என்னும் நிரலை ஆக்கினர். 'போல்' என்பது தபலாவின் சொற்கட்டு. 'காயிதா' என்னும் பாடத்தை விரிக்கும் விதிகளை எழுதித் தந்தால் அது புதிய விரிவுகளை ஈன்றது. வித்துவான்கள் கேட்டுத் தகும், தகாது என்றனர். தகாதவிடத்து விதி திருத்தப்பட்டது. பிற்காலத்தில் பெல் விரிவாக்கிய அந்நிரலின் குறியீட்டைத் தழுவியே டைடலின் குறியீடு அமைந்தது.

ஆக, விதியை இயந்திரம் ஏற்றது. தீர்ப்போ செவியிடமே இருந்தது. என் மகனுக்குக் குறைந்தது அச்செவிதான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. மிருதங்க ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் கண்மூடிக் கேட்டார். "தீர்மானம் சமத்தில் வந்து சேரவில்லையே, தம்பி. இரண்டு சொல் மிஞ்சுகிறது," என்றார். அவன் விரல்விட்டு எண்ணினான், முகம் சிவந்தது, ஒரு வரியை மாற்றினான். மறுநாள் மாலை வகுப்புக்குச் சென்றவன் கணிப்பொறியையும் எடுத்துச் சென்றான்.

இவ்வுரை முடிந்ததும் ஆசிரியரும் அவனும் இம்மேடையில் சேர்ந்து வாசிக்கவிருக்கிறார்கள். திரையைச் சுவரில் காட்டுமாறு சொல்லியிருக்கிறேன். முன்வரிசைக் குழந்தைகள் சற்று விலகி அமர வேண்டுகிறேன்.