முருகைக் கற்களும் ஒரு கணக்கும்



நெடுந்தீவிலே காணிகளைச் சுற்றி வேலியாக நிற்பவை, சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக் கற்கள். வெறுங் கற்களெனத் தோன்றும் இவை, ஒருகாலத்தில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு கடலுயிர்கள் சுண்ணாம்பு சுரந்து கட்டிய வீடுகளாகும். பாறைபோல் திரண்டு வளரும் இனங்கள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே உயரும். ஒரு சாண் கல்லுக்கு இருபது ஆண்டுகள் வேண்டும். அதைப் பெயர்க்க ஒரு கடப்பாரையும் சில நிமிடங்களும் போதும்.

நடுவிலே களப்பைச் சூழ்ந்து வளையல்போல் கிடக்கும் முருகைத் தீவைக் கங்கணத் தீவு என்பர். இந்து சமுத்திரத்தின் மேற்கே, சீஷெல்ஸ் நாட்டுக்குரிய அல்டாப்ரா அத்தகையது. அங்கே பேராமைகளும், பறக்கமாட்டாத ஒருவகைப் பறவையும் வாழ்கின்றன. 1960களில் பிரித்தானிய அரசாங்கம் அத்தீவிலே விமானத்தளம் அமைக்க எண்ணியது. அங்குள்ள உயிர்கள் வேறெங்கும் காணக்கிடையாதவை என்று விஞ்ஞானிகள் சான்றுகளோடு வாதாடினர். அரசாங்கத்துக்கு நேர்ந்த பண நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1982இல் அத்தீவு உலக மரபுரிமைத் தலமாயிற்று. இன்னது இங்கே இருக்கிறது என்று காட்ட முடிந்தமையால் அன்றோ விஞ்ஞானிகளின் வாதம் நின்றது?

நம் கடலுக்கு அத்தகைய கணக்கு நெடுங்காலம் இல்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், ஆய்வாளரையும் கரையிலே நிறுத்திவிட்டது. அதன்பின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்ட ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. குடாநாட்டுக் கடலிலே கண்ட முருகையினங்களுள் 36, இலங்கைப் பட்டியலில் அதுவரை இடம்பெறாதவை. நம் வாசலிலே இருந்தவற்றை நாமே அறியாதிருந்தோம்!

இலங்கையின் கரையோரத்திலே முருகைக் கல் அகழ்வதும் சுண்ணாம்புக்காகச் சுடுவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. ஆனால் சட்டம் கடப்பாரையைத் தடுக்குமேயன்றிக் கடலின் சூட்டைத் தடுக்கமாட்டாது. நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால், முருகை தன்னுள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளிறும். சூடு நீடித்தால் மடியும். 2016இல் இலங்கைக் கடலிலே பல பாறைகள் இவ்வாறு வெளிறின.

அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பதும், மீன்குஞ்சுக்குப் புகலிடம் அளிப்பதும் இப்பாறைகளே. அவற்றின்மேல் நங்கூரம் போடாதிருத்தல் கடற்றொழிலாளர் செய்யத்தக்கது. ஆண்டுதோறும் சென்று எண்ணிப் பதிதல் மாணவர் செய்யத்தக்கது. இன்று எழுதிவைத்த கணக்கு இருந்தால்தானே, நாளை எவ்வளவு குறைந்தது என்று கேட்க முடியும்?